வாக்கு எண்ணும் நாளில் திரை மட்டும் போதாது, பலகையும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாக்கு எண்ணிக்கை நாளில் தொண்டர்கள் பெரிய திரை முன் கூடி முடிவு பார்ப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். திரை, பந்தல், பட்டாசு எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும் பூத் கமிட்டிக்காரர்களுக்கு அன்று செய்ய ஒரு வேலையும் உண்டு என்பது விடுபட்டுவிட்டது. எந்தக் கட்சியாக இருந்தாலும் அந்த வேலை ஒன்றுதான்: தங்கள் கையில் உள்ள சாவடித் தாள்களை எண்ணிக்கையோடு சுற்றுச் சுற்றாகச் சரிபார்ப்பது.

வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு சாவடியிலும் வேட்பாளர் தரப்பு முகவருக்கு 17சி படிவத்தின் நகல் தரப்படுகிறது. இயந்திரத்தில் பதிவான மொத்த வாக்கு அதில் இருக்கும். அந்தத் தாள் பெரும்பாலும் முகவரின் வீட்டு பீரோவில் தூங்குகிறது. மொத்த வாக்குகளை அறிவித்த பிறகு, முடிவை முறைப்படி பிரகடனம் செய்வதற்கு முன் உள்ள சிறிய இடைவெளியில்தான் வேட்பாளரோ தேர்தல் முகவரோ காரணம் காட்டி, எழுத்து மூலம் மறு எண்ணிக்கை கேட்க முடியும். அதைத் தவறவிட்டால் 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத்தான். 2016இல் ராதாபுரம் தொகுதி 49 வாக்கில் முடிவானது. தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது 2019இல்; அப்படி எண்ணிய முடிவை வெளியிடவும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஆகவே 17சி தாள்கள் உதவுவது எண்ணும் நாளன்று, அந்தச் சில மணி நேரத்தில்தான். அவை ஒரே இடத்தில் சேர வேண்டுமானால், தாள் வைத்திருப்பவர்கள் கூடும் இடத்தைவிட நல்ல இடம் கிடையாது.

எனவே சுற்றுவாரியாக எண்களை எழுத, திரைக்குப் பக்கத்தில் ஆறடிக்கு நாலடியில் ஒரு பலகை வையுங்கள். வழக்கமாக ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 14 மேசை; மேசைக்கு ஒரு சாவடியாக ஒரு சுற்றில் 14 சாவடி. 290 சாவடி உள்ள தொகுதியில் 21 சுற்று வரும். 127ஆம் சாவடி பத்தாம் சுற்றின் முதல் மேசை. இந்த 14ஆல் வகுக்கும் கணக்கு கெடுவது துணைச் சாவடிகளால். 45ஏ என்று ஒன்று நடுவில் நுழைந்தால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் ஒரு மேசை தள்ளிப்போகும். மேசை எண்ணிக்கையும் இடத்துக்கு இடம் மாறலாம். அதனால் சொந்தக் கணக்கை நம்பாமல், தேர்தல் நடத்தும் அலுவலர் வேட்பாளர் தரப்புக்குத் தரும் பட்டியலை முதல் நாளே வாங்கிப் பலகையில் எழுதிவிட வேண்டும்.

பலகையின் கட்டங்கள்: சுற்று எண், அதில் வரும் சாவடிகள், அந்தச் சாவடிகளின் 17சி கூட்டுத்தொகை, நம் வாக்கு, அடுத்தவர் வாக்கு, அந்தச் சுற்றின் வித்தியாசம், இதுவரையிலான வித்தியாசம். இவற்றில் மூன்றாவது கட்டம்தான் உயிர். சுற்று முடிந்ததும் எல்லா வேட்பாளரும் நோட்டாவும் சேர்ந்த தொகை 17சி கூட்டுத்தொகையோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் உடனே “மோசடி” என்று கத்த வேண்டாம். முடிவு காட்டாத இயந்திரமும், வாக்குப்பதிவுக்கு முன் சோதனைக்காக நடக்கும் மாதிரி வாக்குப்பதிவில் போட்ட வாக்கை அழிக்காமல் விட்ட இயந்திரமும் தனியே எடுத்து வைக்கப்படும். அந்தச் சுற்றில் ஒரு சாவடி அளவுக்குத் தொகை குறையும். களைத்துப்போன சாவடித் தலைமை அலுவலர் 17சியில் கூட்டலைத் தவறவிட்டிருக்கலாம். உங்கள் ஆளே 6ஐ 0 என்று படித்திருக்கலாம். இந்த மூன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் வித்தியாசம் நின்றால், அந்தச் சுற்றுச் சாவடிகளின் தாள்களைப் படம் எடுத்துத் தேர்தல் முகவருக்குச் சேர்ப்பிக்க வேண்டும். எண்ணும் அறைக்குள் முகவர்கள் கைபேசி கொண்டுபோக முடியாது. யார் மூலம், எந்த வாசலில் என்பதை முதல் நாளே பேசி வைக்காவிட்டால் படம் வாட்ஸப்பிலேயே கிடக்கும்.

போன தேர்தல் வித்தியாசத்தையும் ஒரு கட்டத்தில் போட்டால் கூட்டம் பதறாது. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் படிவம் 20, அதாவது இறுதி முடிவுத் தாள், சாவடிவாரியாகக் கிடைக்கிறது. அதைப் பாக எண்ணை, அதாவது சாவடியின் வரிசை எண்ணை, வைத்துப் பொருத்தாதீர்கள். ஒரு சாவடிக்கு 1,200 வாக்காளர் என்ற வரம்பு வந்தபின் பல சாவடிகள் பிரிந்து எண்கள் மாறிவிட்டன. பள்ளிக்கூடத்தின் பெயரையும் தெருவையும் பார்த்துத்தான் பொருத்த வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு முழுநாள் வேலை.

இந்தக் கட்டம் ஏன் என்றால், பாக எண்கள் ஊர் ஊராக அடுத்தடுத்து வருகின்றன. முதல் ஐந்து சுற்று தொகுதியின் ஒரு மூலையை மட்டுமே காட்டும். எட்டு மணிக்குத் தபால் வாக்கில் தொடங்கி, எட்டரைக்கு இயந்திரம் திறந்து, ஒன்பதுக்குள் தொலைக்காட்சியில் ‘முன்னிலை’ ஓட ஆரம்பித்துவிடும். தபால் வாக்கு முன்னிலைக்கு விசில் அடிப்பதை யாராலும் நிறுத்த முடியாது, அதை விட்டுவிடலாம். 2021இல் காட்பாடியில் பல சுற்று பின்தங்கியவர் ஆயிரத்துக்கும் குறைவான வாக்கில் வென்றார். தியாகராயநகர் 137இல் முடிந்தது. 2024இல் விருதுநகர் மக்களவைத் தொகுதி மாறி மாறிப் போய் 4,379இல் நின்றது. ‘இந்த ஏழு சுற்றும் போன முறையும் நமக்குக் குறைவுதான்’ என்று பலகை சொன்னால் ஆட்கள் பத்தரை மணிக்கு எழுந்து போக மாட்டார்கள்.

பலகையில் எழுத ஒருவர், போனில் கேட்க ஒருவர், மைக்கில் சொல்ல ஒருவர். மூவருக்கும் ஒரே விதி: முடிந்த சுற்றை மட்டும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சி எண் நிருபர்களிடமிருந்து முந்தி வரும். ஆணையத்தின் தளத்தில் ஏறுவது அதன் பிறகே. இரண்டையும் கலந்து எழுதினால் பலகை கெட்டது. சாவடிவாரி எண்கள் மேசை முகவர்கள் வெளியே வந்த பிறகுதான் கிடைக்கும், அதற்கு ஒரு கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

திரை விஷயத்துக்கு வருகிறோம். மே மாத வெயிலில் ஷாமியானாவுக்குக் கீழ் சாதாரண புரொஜெக்டர் வைப்பது வீண். பதினோரு மணிக்கு வெள்ளைத் துணிதான் தெரியும். நூறு பேருக்கு 55 அங்குல டிவி இரண்டு போதும். கீழ் விளிம்பு ஐந்தடி உயரத்தில் இருக்கட்டும், முன்வரிசைத் தலை மறைக்காது. இரண்டுக்கும் ஒரே டிஷ் இணைப்பு கொடுங்கள். ஒன்று டிஷ், ஒன்று கைபேசி ஸ்ட்ரீம் என்றால் ஸ்ட்ரீம் அரை நிமிடம் பின்னால் வரும். ஒரு பக்கம் கைதட்டும்போது மறுபக்கம் ‘என்னாச்சு?’ என்று கேட்கும். கேபிள் என்றால் தெருவில் கரண்ட் போனதும் நம் ஜெனரேட்டர் ஓடினாலும் சிக்னல் வராமல் போகலாம். இரண்டு டிவிக்கும் இரண்டு மின்விசிறிக்கும் சேர்த்து 400 வாட் என்று வைத்தால் 150 ஆம்பியர்-அவர் பேட்டரி உள்ள ஒரு இன்வெர்ட்டர் மூன்று மணி நேரம் தாங்கும். மைக் செட்டை அதில் மாட்ட வேண்டாம்.

சாப்பாட்டில் கெட்டுப்போவது நேரம்தான். ஏழு மணிக்கே வந்துவிடுகிறார்கள். இட்லி ஆளுக்கு நாலு, நூறு பேருக்கு நானூறு. தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் பதினைந்து. பதினோரு மணிக்கு நீர்மோர்: பத்து லிட்டர் தயிர் வாங்கினால் ஆளுக்கு இரண்டு டம்ளர் வரும். மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டரைக்கு முடித்துவிடுங்கள். ஒரு மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும், அப்போது பந்திக்கு யாரும் வர மாட்டார்கள். தயிர்சாதத்தைப் பாலில் பிசைந்து கொஞ்சம் மட்டும் தயிர் விட்டால் அதுவரை புளிக்காது. ‘ஜெயித்தால் பிரியாணி’ என்று மாஸ்டரிடம் சொல்லி வைப்பவர்கள் அரிசி ஊறிய பிறகு பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதையும் நினைக்கட்டும். பெண் தொண்டர்கள் கூட்டத்துக்கு வராததற்குப் பெரும்பாலும் கழிப்பறைதான் காரணம். அது இல்லாத இடத்தில் பந்தல் போடாதீர்கள்.

வேட்புமனு நாளிலிருந்து முடிவு பிரகடனம் செய்யப்படும் நாள்வரை, இரு நாட்களும் உட்பட, வேட்பாளர் தேர்தல் தொடர்பாகச் செய்யும் செலவைக் கணக்கில் காட்ட வேண்டும். ஆகவே அன்றைய பந்தல் பில்லும் சாப்பாட்டு பில்லும் கிழித்துப் போடுவதற்கில்லை. 30 நாட்களுக்குள் கணக்குத் தாக்கல் செய்யும்போது தேர்தல் முகவர் கேட்பார். பந்தலுக்கும் மைக்குக்கும் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். பட்டாசுப் பெட்டியைப் பந்தலுக்குள் வைக்காதீர்கள். இதே திரையை வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தலைவரின் பேச்சைக் காட்டப் பயன்படுத்துவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126ஆவது பிரிவின்படி குற்றம். அது தெரியாமல் மாட்டிக்கொள்பவர்கள் கிளை அளவில் இருப்பவர்கள்தான்.

கடைசிச் சுற்றோடு வேலை முடிவதில்லை. சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை, அதாவது யாருக்கு வாக்கு விழுந்தது என்று இயந்திரம் அச்சிட்ட சீட்டுகளை, அதன் பிறகுதான் எண்ணுவார்கள். வித்தியாசம் சிறியது என்றால் பலகைக்காரர்கள் மூவரும் 17சி கோப்போடு அதுவரை உட்கார்ந்திருக்க வேண்டும், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எண்ணிக்கைக்கு முதல் நாள் இதழில், உங்கள் பதிப்பு போகும் மாவட்டங்களின் ஒவ்வொரு தொகுதிக்கும் மொத்தச் சாவடி, மேசை, சுற்று எத்தனை, எந்தச் சுற்றில் எந்த ஊர்கள் வருகின்றன என்று அரைப்பக்க அட்டவணை போடுங்கள். பலகை எழுத ஆள் கிடைக்காத கிளைகள் அதை வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

இப்படிக்கு,
வாக்குச்சாவடி முகவர் பணியில் பழகிய வாசகர்கள் சிலர்,
விருதுநகர் மாவட்டம்.