மணிக்கு 64 காசு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், செல்போனில் கேம் விளையாடிக்கொண்டே சம்பாதிக்கலாம் என்று அரைப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு வந்திருந்தது. இல்லத்தரசிகள், மாணவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் எல்லோருக்கும் ஏற்ற கூடுதல் வருமானம் என்று எழுதியிருந்தீர்கள். எவ்வளவு வருமானம் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. அந்த வரியை நான் எழுதித் தருகிறேன். என்னிடம் நோட்டு இருக்கிறது.

எனக்கு 59 வயது. கோவையில் ஒரு நூற்பாலையில் 24 வருஷம், நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் சைடராக இருந்தேன். ஆலையை மூடிய பிறகு கிடைத்த வேலையெல்லாம் செய்துவிட்டு, இப்போது ஆறு வருஷமாக சரவணம்பட்டியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவல். ராத்திரி 8 மணிக்கு உட்கார்ந்தால் காலை 8 மணிக்கு எழுந்திருக்கலாம். சாப்பாடு கொண்டுவரும் பையன்கள் பன்னிரண்டரைக்கு மேல் வருவதில்லை. அதற்கப்புறம் ஐ.டி. கம்பெனி வண்டி ஒன்றிரண்டு வரும். பால்காரர் நாலரைக்கு. நடுவில் தூங்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தூக்கத்தை விரட்டத்தான் போன மே மாதக் கடைசியில் அப்படி ஒரு ஆப்பைப் போனில் ஏற்றினேன். பகல் ஷிப்ட் பார்க்கும் ஒடிசாப் பையன்தான் காட்டினான். உள்ளே போனால் இருபது முப்பது கேம் வரிசையாக இருக்கும். எதை இறக்கி விளையாடினாலும் நிமிஷத்துக்கு இத்தனை காயின். 1,000 காயின் சேர்ந்தால் 10 ரூபாய். நான் எந்த ஆப்பை எத்தனை நிமிஷம் திறக்கிறேன் என்று பார்த்துக்கொள்ள அனுமதி கேட்டது. யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். ஒரே மாதிரி இரண்டு பழத்தை ஒட்டவைத்தால் பெரிய பழமாக மாறுகிற கேம் ஒன்று. இருபதே நிமிஷத்தில் 1,000 காயின் வந்துவிட்டது. பட்டனை அழுத்தினேன். "டிங்" என்று 10 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுந்தது. ராத்திரி இரண்டு மணி. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் எழுப்பிக் காட்டியிருப்பேன்.

எனக்குக் கணக்குக் குறிக்கும் பழக்கம் உண்டு. ஆலையில் ஷிப்ட் முடியும்போது நூற்ற நூலின் அளவு காட்டும் ஹேங்க் மீட்டரைப் பார்த்து உற்பத்தியைக் குறித்துவைத்துப் பழகிய கை. எனவே ஜூன் 1-ஆம் தேதி கணக்கை முதலிலிருந்து புதிதாகத் தொடங்கி, எத்தனை மணிக்குத் திறந்தேன், எப்போது மூடினேன், எத்தனை காயின் என்று கேட் ரிஜிஸ்டருக்குப் பக்கத்திலேயே ஒரு நோட்டு போட்டேன். பழைய எண்ணை விட்டுவிட்டு மகள் எண்ணில் புதுக் கணக்கு. அதிலும் அதே இருபது நிமிஷம், அதே "டிங்".

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் சேர்த்து 52 இரவு. மொத்தம் 131 மணி 20 நிமிஷம். கைக்கு வந்தது மூன்று தடவை: முதல் இரவு 10 ரூபாய், ஏழாம் இரவு 50 ரூபாய், இருபத்திரண்டாம் இரவு 100 ரூபாய். ஆக 160. நாலாவது தடவை எடுக்க 200 ரூபாய்க்குக் காயின் சேர வேண்டும் என்று வரம்பை ஏற்றிவிட்டார்கள். முதல் நாள் நிமிஷத்துக்கு 50 காயின் தந்த அதே பழக் கேம் இரண்டாம் வாரம் 5 தந்தது, ஜூலையில் 4. விளம்பரப் படங்கள் ஓடி ஓடி டேட்டா தீர்ந்துபோய் நாலு தடவை 19 ரூபாய் டாப்அப் போட்டேன். அது 76. கழித்தால் மிச்சம் 84 ரூபாய். 131 மணி 20 நிமிஷத்தால் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 64 காசு. எங்கள் கேட்டுக்கு எதிர்க் கடையில் டீ 15 ரூபாய். இரண்டு மாத உழைப்புக்கு ஐந்தரை டீ.

என் காவல் சம்பளம் மாதம் 13,500. 26 இரவு, இரவுக்கு 12 மணி நேரம். மணிக்கு 43 ரூபாய் சொச்சம். இதுவே குறைச்சல் என்று வீட்டில் தினமும் பேச்சு வாங்குகிறேன். அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இத்தனையும் பார்த்துவிட்டு ஏன் விடவில்லை என்று கேட்பீர்கள். 10 ரூபாய் வந்ததே, அதனால்தான். நான் ஆலையில் இருந்தபோது சம்பள நாளன்று கேட் வாசலில் மேசை போட்டு லாட்டரிச் சீட்டு விற்பார்கள். சுரண்டல் லாட்டரியும் உண்டு. வாங்கின இடத்திலேயே நகத்தால் சுரண்டிப் பார்ப்போம், தரையெல்லாம் வெள்ளிப் பொடி கொட்டிக் கிடக்கும். ஒரு தடவை எனக்கு 100 ரூபாய் விழுந்தது. அந்த நூறுக்காக அடுத்த இரண்டு வருஷம் எத்தனை நூறு கொடுத்தேன் என்பதற்கு என்னிடம் நோட்டு இல்லை. 2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரியை ஒழித்தபோது என் மனைவி கேசரி கிண்டினாள். லாட்டரி கையிலிருந்த காசைப் பிடுங்கியது. இந்த ஆப் என்னிடம் ஒரு பைசா கேட்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இது எனக்கு விவரமான வேலை மாதிரித் தெரிந்தது.

அப்புறம் 'டாஸ்க்' என்று ஒன்று. ஒரு கோட்டை கட்டுகிற கேமில் ஏழு நாளைக்குள் 30-ஆம் கட்டத்தை எட்டினால் 8,000 காயின் மொத்தமாகத் தருவார்களாம். 20 வரை வழுக்கிக்கொண்டு போகும். 25-க்கு மேல் ஒரு சுவர் எழுப்ப ஏழு மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர்களுக்கு 89 ரூபாய்க்கு ஒரு பொதி விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. 28-ல் நிற்கும்போது ஏழு நாள் முடிந்துவிட்டது. பகல் ஷிப்ட் பையன் வாங்கினான், 30-ஐத் தொட்டான், காயின் ஏறவில்லை. புகார் எழுதினால் "ஆதாரம் அனுப்பவும்" என்று பதில். அனுப்பினான். மறுபடியும் அதே பதில்.

மூன்றாம் மாடியில் ஒரு தம்பி இருக்கிறார், செல்போனில் விளம்பரம் போடும் கம்பெனியில்தான் வேலை. ராத்திரி ஒரு மணிக்கு வண்டியில் வந்து இறங்குவார். ஒரு நாள் என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, நீங்களுமா?" என்று சிரித்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். புதுக் கேம் விடுகிற கம்பெனிக்கு ஆள் வேண்டும். ஒரு ஆள் கேமை இறக்கினால் இவ்வளவு, இத்தனையாவது கட்டம் தாண்டினால் இவ்வளவு என்று அது இந்த ஆப்புக்குக் காசு தருகிறது. அதில் ஒரு கிள்ளு எனக்கு. முதல் நாள் நான் புது ஆள், விலை அதிகம். இரண்டாம் வாரம் நான் பழைய ஆள். விளம்பரம் பார்ப்பதற்கும் காசு உண்டு, ஆனால் அமெரிக்காக்காரர் பார்த்தால் வருகிற தொகையில் நம் ஊர்க்காரர் பார்த்தால் சிறு துண்டுதான் வரும். "அப்போ என்னை ஏன் தம்பி உள்ளே வைத்திருக்கிறார்கள்?" என்றேன். "ஆயிரம் பேர் விளையாடினா அதுல நாலு பேரு 89 ரூபா பொதிய வாங்கிட்டே இருப்பாங்கண்ணா. அந்த நாலு பேரத் தேடித்தான் ஆயிரம் பேரையும் கூட்டறது" என்றார்.

செய்து முடித்த டாஸ்க்குக்குப் பரிசு வராதது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை என்றும் சொன்னார். டாப்ஜாய் என்று ஒரு கம்பெனி இதே மாதிரி டாஸ்க்குகளைக் கேம்களுக்குள் காட்டி வந்ததாம். சொன்ன பரிசு வரவில்லை என்று புகார் குவிந்து, 2021-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அவர்கள் மீது நடவடிக்கை எடுத்த செய்தியைப் போனில் எடுத்துக் காட்டினார்.

பெரிய கதை ஒன்றும் சொன்னார். கொரோனா சமயத்தில் பிலிப்பைன்ஸில் நிறையப் பேர் வேலை போய், 'ஆக்சி இன்பினிட்டி' என்ற கேமையே வேலையாக ஆடினார்களாம். முதலில் காசு கொடுத்து மூன்று பொம்மைப் பிராணி வாங்க வேண்டும். அவற்றைச் சண்டைக்கு விட்டு ஜெயித்தால் ஒரு மாதிரி கிரிப்டோ நாணயம் வரும். அதை விற்றுக் குடும்பம் நடத்தியவர்கள் உண்டு. புதிதாகப் பிராணி வாங்க ஆள் வரும் வரை நாணயத்துக்கு மதிப்பு இருந்தது. ஆள் குறைந்ததும் விழுந்தது. போதாக்குறைக்கு 2022 மார்ச்சில் அந்தக் கேமின் கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்குள் புகுந்து 60 கோடி டாலருக்கு மேல் திருடிவிட்டார்கள். நான் இடைமறித்து, "தம்பி, இது எங்களுக்குப் பழைய கதை. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பு என்று ஜனங்களிடம் பணம் வாங்கிய கம்பெனி 2012-ல் மூழ்கியது" என்றேன். அவருக்குத் தெரியவில்லை. அப்போது அவர் பள்ளிக்கூடப் பையனாக இருந்திருப்பார். என் மச்சினன் கோழி வாங்கியவன். அந்தக் கோழி உயரத்தையும் அது தின்ற தீவனக் கணக்கையும் சொல்லி முடிக்க மணி இரண்டாகிவிட்டது.

ஜூலை மூன்றாம் வாரத்தில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். மூன்றரைக்கு மோட்டார் போட்டு, சம்ப்பிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி, நாலேகாலுக்கு நிறுத்துவது என் பொறுப்பு. அன்றைக்குக் கோட்டைக் கேமில் கடைசி நாள். மேலே சலசலவென்று சத்தம் கேட்டது. ஜூலையில் கோவையில் சாரல் அடிப்பது சகஜம், மழைதான் என்று நினைத்தேன். குனிந்த தலை நிமிராமல் விளையாடினேன். பால்காரர் கேட்டைத் தட்டி, "என்னங்க, வெளியே சொட்டு மழை இல்லை, உங்க பில்டிங்ல மட்டும் கொட்டுது?" என்று கேட்டபோதுதான் எழுந்து ஓடினேன். தொட்டி வழிந்து, பி பிளாக் சுவரில் வழிந்து, கீழே நின்ற வெள்ளைக் காரின் மேல் அருவி மாதிரி விழுந்துகொண்டிருந்தது. அந்த வாரம் போர் வற்றிப்போய் 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பிய சம்ப் அது.

இன்னொரு விஷயத்தில் உங்கள் குறிப்பு குழப்பியிருந்தது. பழம் ஒட்டுகிற ஆப்பையும் காசு கட்டி ஆடுகிற ஆப்பையும் ஒரே பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். ரம்மியில் எத்தனை குடும்பம் போனது என்று உங்கள் பத்திரிகையே எழுதியிருக்கிறது. அதை ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழு, 2022 அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய தடை மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பியது, மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில் சட்டமானது, அப்புறம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று உயர் நீதிமன்றம் சொன்னது, எல்லாம் உங்கள் முதல் பக்கத்தில் நான் படித்ததுதான். கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே, காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவானாலும் கூடாது என்று சட்டம் போட்டது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. விளம்பரம் செய்கிறவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம் என்றும் அதில் இருக்கிறது. பத்திரிகை நடத்துகிற நீங்கள் அந்தக் கடைசிப் பகுதியை ஒரு தடவை படிக்கலாம்.

மூன்றாவது ரகம் சுத்தத் திருட்டு. பழத்தில் சலித்துப்போன அந்த ஒடிசாப் பையனுக்கு டெலிகிராமில் ஒரு ஆள் கிடைத்தான். கேமுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டால் 150 ரூபாய் என்றான், தந்தும்விட்டான். அடுத்து, 2,000 கட்டினால் 2,800 வரும் என்றான். அதுவும் வந்தது. மூன்றாவது தடவை 6,000 கட்டினான். அதோடு சரி. இணைய மோசடிப் புகார் எண் 1930-க்கு உடனே போன் பண்ணியிருக்கலாம், மானம் போய்விடும் என்று மூன்று நாள் மறைத்துவிட்டான். உடனே கூப்பிட்டால் பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. மூன்று நாள் கழித்து என்ன செய்வது? ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம்.

என் வேண்டுகோள் சின்னதுதான். அடுத்த தடவை இப்படிக் குறிப்பு போடும்போது, எழுதுகிறவரை ஒரு மாதம் விளையாடச் சொல்லுங்கள். மணிக்கு எத்தனை ரூபாய் என்று தலைப்பிலேயே போடுங்கள். வருமானம் என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள். பழம் ஒட்டுவது நல்ல கேம்தான், பொழுது போகிறது. அந்த ஆப்பைத் தூக்கிவிட்டு இப்போதும் வெறும் கேமாக அரை மணி நேரம் விளையாடுகிறேன், மூன்றரைக்கு மூடிவிடுகிறேன். மகள் எண்ணில் போட்ட கணக்கில் 18,740 காயின் கிடந்தது, 20,000 ஆனால்தான் எடுக்கலாம். முப்பது நாள் திறக்காவிட்டால் காலாவதி என்று மகள் போனுக்குத் தகவல் வந்ததாம்.

கடிதத்தை வெளியிட்டால் தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளரும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார். தொட்டி வழிந்தது மிதவை சுவிட்ச் கெட்டுப்போனதால் என்றுதான் அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இரவுக் காவலர்,
ஒண்டிப்புதூர், கோவை.