இரண்டு கையும் நிறைந்த காவலர்: உள்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலாளர் அவர்களுக்கும், பாதுகாப்பு மறுஆய்வுக் குழுவின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சேலம் மாவட்ட வருவாய்த் துறையில் 34 ஆண்டுகள் பணியாற்றி, வருவாய் ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். அதிகாரிகளுக்குத் தனிப் பாதுகாவலர் ஒதுக்கும் நடைமுறையைத் தங்களுக்கு விளக்கும் துணிவு எனக்கில்லை. நுண்ணறிவுப் பிரிவின் அறிக்கையும், அச்சுறுத்தல் மதிப்பீடும், எக்ஸ் முதல் இசட் பிளஸ் வரையிலான பாதுகாப்புப் பிரிவுகளும் தங்கள் மேசைக்கு அன்றாடம் வந்துபோகிறவை. நான் கேட்க வந்தது ஒன்றுதான். காவலர் ஒதுக்கப்படுவது ஆபத்தைப் பார்த்தா, பதவியைப் பார்த்தா என்பதை எழுத்தில் சொல்லுங்கள். ஆபத்தைப் பார்த்துத்தான் என்றால், அந்த விதியைக் கிராம உதவியாளர் வரைக்கும் நீட்டுங்கள்.

இம்மடலை எழுதத் தூண்டியது, கடந்த மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் நான் கண்ட காட்சி. பேத்தியை அழைத்துக்கொண்டு பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போயிருந்தேன். படகு இல்லத்தின் வாசலில் அரசு வாகனம் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து ஓர் அதிகாரி குடும்பத்தோடு இறங்கினார். அவர் எந்தத் துறை, எந்த ஊர் என்று நான் எழுதப் போவதில்லை. முன்னிருக்கையிலிருந்து மஃப்டியில் ஓர் இளைஞர் இறங்கினார். சட்டைக்குள் இடுப்போரம் புடைத்திருந்ததை வைத்தே அவர் கன்மேன், அதாவது துப்பாக்கி ஏந்திய பாதுகாவலர், என்பது யாருக்கும் தெரிந்துவிடும். தூறல் பிடித்திருந்தது. அவருடைய இடக்கை அதிகாரியின் துணைவியாருக்குக் குடை பிடித்தது. வலக்கையில் காப்பித்தூள், மிளகு, பலாச்சுளை எல்லாம் அடங்கிய பெரிய பை. அதே கையின் இரண்டு விரல்களுக்கு நடுவில் படகுக்கான டிக்கெட்டுகள். படகு வந்ததும் குடும்பம் ஏறிக்கொண்டது. பாதுகாவலருக்கு டிக்கெட் எடுக்கவில்லை போலும். காக்கப்பட வேண்டியவர் ஏரியின் நடுவில் இருக்க, காக்க வேண்டியவர் கரையில் பையோடு நின்றிருந்தார்.

அந்த நேரத்தில் உண்மையிலேயே ஒருவன் கத்தியோடு பாய்ந்திருந்தால், அந்த இளைஞர் முதலில் எதைக் கீழே போட்டிருப்பார்? குடையையா, பையையா? பிஸ்டலை உருவும் கை எந்தக் கை என்பதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்தக் கையில் பலாச்சுளை இருந்தால் என்ன செய்வதென்று சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அருகில் போனபோது அவரே என்னை அடையாளம் கண்டு “ஐயா” என்றார். “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டேன். “இல்லீங்கய்யா, அவங்க சாப்பிட்டு முடிக்கட்டும்” என்றார். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. சாலையோரக் கடையில் பஜ்ஜி வாங்கி நீட்டினேன். வாங்கிக்கொள்ளக் கை இல்லை. என் பேத்தி அந்தப் பையை இரு கைகளாலும் தாங்கிப் பிடித்துக்கொண்ட பிறகே அவரால் தின்ன முடிந்தது. படகு திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே, சுடச்சுட நாலு பஜ்ஜியை இரண்டு நிமிடத்தில் விழுங்கினார். கடைசியாகத் துப்பாக்கிச் சுடும் பயிற்சிக்குப் போய் எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டதற்குச் சிரித்தார், பதில் சொல்லவில்லை. அவருடைய பெயரையும் நான் எழுதவில்லை. எழுதினால் மாறுதல் உத்தரவு அவருக்குத்தான் வரும்.

இனி என் பழைய கதை ஒன்றையும் தாங்கள் பொறுத்தருள வேண்டும். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், சரபங்கா ஆற்றையொட்டிய ஓர் ஏரியில் இரவில் மண் அள்ளுகிறார்கள் என்று தகவல் வந்து, நானும் கிராம உதவியாளர் ஒருவரும் ஒரே டி.வி.எஸ். 50-இல் போனோம். எங்களிடம் இருந்த ஆயுதம் ஆளுக்கொரு டார்ச் லைட். இரவு பதினொன்றரை மணிக்குக் கரையேறி வந்த டிராக்டரை மறித்தோம். ஓட்டி வந்தவர் இறங்கவும் இல்லை, எஞ்சினை அணைக்கவும் இல்லை. ஓரமாக நிறுத்தியிருந்த எங்கள் வண்டியின் மேல் மெதுவாக, மிக மெதுவாகச் சக்கரத்தை ஏற்றி இறக்கிவிட்டு, “அடுத்த தடவ வண்டியோட நிக்காதுங்க சார்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த ‘சார்’ இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினால், ஜீப் எஸ்கார்ட் போயிருக்கிறது, காலையில் வாருங்கள் என்று பதில் வந்தது.

இரவுத் தணிக்கைக்குப் போகும்போது ஒரே ஒரு காவலரையாவது உடன் அனுப்ப வேண்டுமென்று மேலே மனுக் கொடுத்தேன். மனு ஒவ்வொரு மேசையாக ஏறி, பிறகு ஒவ்வொரு மேசையாக இறங்கி, நாற்பது நாள் கழித்து “விசாரித்து அறிக்கை அனுப்பவும்” என்ற குறிப்போடு என் மேசைக்கே வந்து சேர்ந்தது. என் மனுவை நானே விசாரித்தேன். ‘மனுதாரர் கூறுவது உண்மையென விசாரணையில் தெரியவருகிறது’ என்று அறிக்கையும் எழுதி அனுப்பினேன். அதற்குமேல் அந்தக் கோப்பு வாய் திறக்கவில்லை.

அன்றிரவு என்னோடு டார்ச் பிடித்து நின்ற கிராம உதவியாளரின் மகன்தான் ஏற்காட்டில் நான் கண்ட காவலர். தகப்பனுக்குத் துணையாக அனுப்ப ஆள் இல்லை என்றார்கள். மகனைக் குடை பிடிக்க அனுப்பியிருக்கிறார்கள்.

இது என் ஒருவனுடைய பழங்கதை என்று தாங்கள் ஒதுக்கிவிட முடியாது. 2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தம் அலுவலகத்திலேயே, பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். தாமிரபரணியில் மணல் திருடுவதாகக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தவர் அவர். அச்சுறுத்தல் மதிப்பீடு என்று ஒன்று இருக்குமானால், அதற்கு அந்தப் புகாரைவிட வேறென்ன ஆதாரம் வேண்டியிருந்தது? பெயரையும் ஆளையும் குறிப்பிட்டு ஓர் அலுவலர் புகார் கொடுக்கும் நாளிலேயே அவருடைய ஆபத்தைக் கணக்கிட வேண்டும் என்று விதியில் ஒரு வரி இருந்திருந்தால், ஏரிக்கரையில் பை தூக்கும் காவலர்களில் ஒருவர் முறப்பநாட்டு அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கக் கூடும்.

விதி எழுதுவது நம் நாட்டில் முடியாத காரியம் அல்ல. பிரதமரைக் காக்கும் சிறப்புப் பாதுகாப்புக் குழுவுக்கு 1988-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். 2019-இல் அதைத் திருத்தி, முன்னாள் பிரதமர் ஒருவருக்கு அந்தப் பாதுகாப்பு பதவி விலகிய நாளிலிருந்து 5 ஆண்டுகள் மட்டுமே என்று வரையறுத்தார்கள். நாட்டை ஆண்டவருக்கே காலக்கெடு உண்டு. மாவட்டத்து அதிகாரிக்கு ஒருமுறை ஒட்டிக்கொண்ட கன்மேனுக்கு மட்டும் கெடு கிடையாது. ராணுவத்தையும் எவரும் நினைத்தபடி அழைத்துவிட முடியாது. சட்டவிரோதக் கூட்டத்தை வேறு வழியில் கலைக்க இயலாதபோதுதான், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 149-ஆம் பிரிவின்படி, அந்த இடத்தில் இருக்கும் மாவட்ட நடுவரோ, அவர் அதிகாரம் அளித்த வேறொரு நிர்வாக நடுவரோ படை உதவியைக் கோரலாம். அப்போதும் இயன்றவரை குறைந்த பலத்தையே பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் கட்டுப்படுத்துகிறது. துப்பாக்கி ஏந்திய ஒரு படையை அழைக்க இவ்வளவு நிபந்தனை இருக்கும்போது, துப்பாக்கி ஏந்திய ஒரு காவலரை அழைக்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும் என்ற நிலை எப்படி வந்தது?

காவலர்களை உயரதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறை 1979-லேயே ஒழிக்கப்பட்டது என்று கோப்பு சொல்கிறது. 43 ஆண்டுகள் கழித்து, 2022 ஆகஸ்டில், அதை நான்கு மாதத்துக்குள் அகற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. ஏற்காட்டில் நான் கண்டவர் தாளில் ஆர்டர்லி அல்லர், பாதுகாவலர். அந்தக் காலத்தில் ஆட்சியரின் சீருடைப் பணியாளரான டபேதார் குறுக்குப் பட்டையோடு முன்னால் நடப்பார். பார்ப்பதற்கு ஒரு தோரணை, ஆபத்தில்லாத தோரணை. வாகனங்களின் சிவப்புச் சுழல் விளக்கை 2017 மே 1 முதல் கழற்றச் சொன்னார்கள், எல்லோரும் கழற்றினோம். கழற்றிய இடம் வெறுமையாக இருக்கிறதே என்று அங்கே ஒரு காவலரைப் பொருத்திக்கொண்டோமோ என்று தோன்றுகிறது. விளக்குக்காவது பேட்டரி வேண்டும், இவருக்கு மதியச் சோறுகூடத் தேவையில்லை. சொல் சற்று தடித்துவிட்டது, மன்னிக்கவும்.

உண்மையான மிரட்டலுக்கு உள்ளான அதிகாரிகள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் காவல் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. யாரைச் சுற்றி எத்தனை பேர், எங்கே நிற்கிறார்கள் என்ற விவரம் வெளியே வரக் கூடாது என்பதும் புரிகிறது. நான் கேட்பது மாவட்டத்துக்கு மொத்தம் எத்தனை காவலர்கள் இப்பணியில் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும்தான். ஒதுக்கீட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக மதிப்பிட்டு, ஆபத்து இல்லாத இடத்திலிருந்து காவலரைத் திரும்பப் பெற வேண்டும். பாதுகாவலரின் கையில் ஆயுதத்தைத் தவிர வேறெதையும் கொடுக்கக் கூடாது என்பதை, கொடுத்தவரே பதில் சொல்லும்படி, ஆணையில் சேர்க்க வேண்டும். 2021-இல் முதலமைச்சரின் பயண வழியில் பெண் காவலர்களைச் சாலையோரம் நிறுத்த வேண்டாம் என்று ஒரே உத்தரவில் மாற்ற முடிந்த துறைக்கு இது பெரிய வேலை அல்ல. மணல் வண்டியையும் மண் வண்டியையும் இரவில் மறிக்கப் போகும் வருவாய் ஊழியருக்கு, அவர் கேட்ட இரவிலேயே ஒரு காவலர் கிடைக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: பதவியைப் பார்த்து அல்ல, ஆபத்தைப் பார்த்து.

இம்மடலைத் தாங்கள் கனிவோடு பரிசீலிக்க வேண்டுகிறேன். விசாரித்து அறிக்கை அனுப்பச் சொல்லி, குடைக்குக் கீழே நின்ற அதிகாரியிடமே இதையும் அனுப்பிவிட வேண்டாம் என்று மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வருவாய் ஆய்வாளர் ஒருவர்,
சேலம்.