அவசர உதவிக் கொட்டகைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கோயிலின் வடக்கு மதிலை ஒட்டி நாம் தொடங்கிய அவசர உதவிக் கொட்டகை வேலை முடிந்துவிட்டது. தேங்காய் உடைத்து, தொண்டர்கள் கையில் சாவியையும் கொடுத்தாயிற்று.

"கோபுரம் இல்லை, விக்கிரகம் இல்லை, இதற்கு ஏன் திருப்பணி என்று பெயர்?" என்று பொதுக்கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில், தென்னாப்பிரிக்காவின் நம் குவாசுலு-நடால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் ஊரான டொங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பழுதாகி, ஊரே மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றது. அப்போது நம் மடைப்பள்ளியிலிருந்து சோறும் தண்ணீரும் போனது உங்களுக்கு நினைவிருக்கும். பிறகு 2024 ஜூன் 3ஆம் தேதி சூறாவளி வந்து கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. குளிர்காலம், ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. தெருவை அடைத்துக் கிடந்த மரத்தை நம் பிள்ளைகள் கைப்பேசி வெளிச்சத்தில் கைவாளால் அறுத்தார்கள். மனம் இருந்தது, கையில் கருவி இல்லை. அன்றைக்கு இரவே இந்தத் திருப்பணி முடிவாகிவிட்டது.

கொட்டகை என்பது பழைய சரக்குக் கன்டெய்னர்தான். கான்கிரீட் மேடை போட்டு, மேலே தகரக்கூரை வேய்ந்திருக்கிறோம். உள்ளே இரண்டு ஜெனரேட்டர், தண்ணீர் இறைக்கும் பம்ப், மரம் அறுக்கும் இயந்திர வாள், கயிறுகள், மிதவைச் சட்டைகள், ஸ்ட்ரெச்சர், தார்பாய்கள், முதலுதவிப் பெட்டிகள், இதயத்துடிப்பை மீட்கும் கருவி ஒன்று. வெளியே தண்ணீர் சேமிக்க இரண்டு ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டி.

இனி பணத்தின் கதை. செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அரசு மானியம், மீதி உங்கள் நன்கொடை. 2002ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 58ஆம் பிரிவில், மாநகராட்சி தொண்டர் பிரிவு அமைக்கலாம் என்கிறது. "அமைக்கலாம்" என்றுதான் இருக்கிறது, "அமைக்க வேண்டும்" என்று இல்லை. அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் அலைச்சல் முழுவதும் அடக்கம். எங்கள் விண்ணப்பம் முதல்முறை ஒரு கையெழுத்து குறைகிறது என்று திரும்பி வந்தது. இரண்டாம் முறை கோப்பையே காணவில்லை என்றார்கள். லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்திருந்ததும், கணக்குகள் தணிக்கை முடிந்து தயாராக இருந்ததும்தான் கடைசியில் கைகொடுத்தன. இந்தத் தணிக்கையை வருடம் தவறாமல் செய்து வைத்த நம் பொருளாளர் அக்காவுக்குக் குழு முழுவதும் கடமைப்பட்டிருக்கிறது.

மானியத்துக்கு ஒரு நிபந்தனை: கருவி வாங்கலாம், எரிபொருளுக்கோ பராமரிப்புக்கோ ஒரு காசு தொடக்கூடாது. இது தவறான நிபந்தனை என்றே நினைக்கிறோம், எழுத்திலும் சொல்லியிருக்கிறோம். ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்க்காவிட்டால், தேவைப்படும் நாளில் அது கிளம்பாது. தேங்கிய பெட்ரோல் கெட்டுப்போகும். இதயக் கருவியின் ஒட்டுப்பட்டைகளுக்கும் காலாவதித் தேதி உண்டு. தொண்டர்கள் தங்கள் பக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) தங்கள் பெட்ரோலைப் போட்டுத்தான் ஓடுகிறார்கள். வாங்கிக் கொடுப்பவர் அதோடு கைகழுவினால், பத்து வருடத்தில் இந்தக் கன்டெய்னர் துருப்பிடித்த பொருட்களின் கிடங்காகிவிடும்.

பலர் கேட்டது ஆம்புலன்ஸ். அப்பாவைக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிள்ளை கேட்கும்போது இல்லை என்று சொல்வது எங்களுக்கும் எளிதாக இல்லை. ஆனால் 2017 முதல் உள்ள விதிகளின்படி ஆம்புலன்ஸ் சேவைக்கு மாகாணச் சுகாதாரத் துறையின் உரிமம் வேண்டும், உள்ளே இருப்பவர்கள் மருத்துவத் தொழிலோர் மன்றத்தில் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும். நம் தொண்டர்களில் அப்படி யாரும் இல்லை. ஆகவே ஆம்புலன்ஸ் வரும்வரை உயிரைப் பிடித்து வைப்பதே நம் வேலை என்று முடிவு செய்தோம். ஸ்ட்ரெச்சர் தூக்குபவர் எல்லோருக்கும் முதலுதவிப் பயிற்சியின் முதல் நிலைச் சான்றிதழ் கட்டாயம். முதலில் 10177 அல்லது கைப்பேசியில் 112 அழையுங்கள், அப்புறம் நம் தொண்டர்களை.

விரிவான வரவு செலவு கோயில் அலுவலகத்தில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம். மாதந்தோறும் எரிபொருளுக்கென்று ஒரு சிறு தொகை தர இயலும் குடும்பங்கள் பெயர் கொடுங்கள். சாவி குருக்கள் வீட்டிலும் காவலாளியிடமும் இருக்கும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலைப் பூஜை முடிந்ததும் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்போம்.

திருப்பணிக் குழு