செம்புக் குப்பி ஏன் கல்லாவுக்குப் பின்னால் போனது?

சுங்கை சிப்புட்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களாக நம் வளர்ப்புமீன் கடைக்கு வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். கடல்மீன் மருந்து அடுக்கில் இருந்த செம்புக் குப்பிகள், அதாவது செம்பு கலந்த மருந்துக் குப்பிகள், கல்லாவுக்குப் பின்னால் போய்விட்டன. கேட்டால்தான் எடுத்துத் தருகிறோம். தருவதற்கு முன் நாலு கேள்வி கேட்கிறோம். "காசு கொடுத்து வாங்கும் மருந்துக்கு இத்தனை விசாரணையா?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டு வெறுங்கையோடு போய்விட்டார். காரணத்தைச் சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். ஆகவே இந்த மடல்.

பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை கூடும் நாள் ஒன்றில் நடந்தது இது. கடையில் நிற்க இடமில்லை. தோட்டத்திலிருந்து வரும் நம் பழைய வாடிக்கையாளர் ஒருவர், தன் கோமாளி மீன்களின் மேல் ரவை தூவியதுபோல் வெள்ளைப்புள்ளி இருப்பதாகச் சொன்னார். கூட்ட நேரம், நம் பையன் செம்புக் குப்பியை எடுத்துக் கொடுத்துவிட்டான். தொட்டியில் வேறென்ன இருக்கிறது என்று அவனும் கேட்கவில்லை, பக்கத்திலேயே நின்ற நானும் கேட்கவில்லை. மறுநாள் காலை புலனத்தில் (வாட்ஸ்அப்) படம் வந்தது. கிளீனர் இறால் இரண்டும் மல்லாந்து கிடந்தன. துறவி நண்டு தன் ஓட்டைவிட்டுப் பாதி வெளியே தொங்கியது. கை அகலத்துக்கு விரிந்திருந்த கடல் சாமந்தி, பிழிந்துபோட்ட துணியாகச் சுருங்கிக் கிடந்தது. கோமாளி மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் நீந்திக்கொண்டிருந்தன. அவர் குப்பியில் போட்டிருந்த அளவுப்படியேதான் ஊற்றியிருக்கிறார். தவறு எங்களுடையது.

செம்பு மோசமான மருந்து இல்லை. கடல்மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளிக்கும், அதைவிட வேகமாகக் கொல்லும் வெல்வெட் நோய்க்கும் அதைப்போல் நம்பகமான மருந்துகள் குறைவு. ஆனால் அது எங்கே வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வெள்ளைப்புள்ளிக்குக் காரணம் கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கடியில் அது சில நாள் இருந்து தின்று கொழுக்கும். அப்போது செம்பு அதைத் தொடாது. பிறகு உதிர்ந்து, கல்லிலோ மணலிலோ ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும்; அப்போதும் தொடாது. கூடு வெடித்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் நீரில் நீந்தி அடுத்த மீனைத் தேடுகின்றனவே, அந்த ஓரிரு நாளில்தான் செம்பு அவற்றைக் கொல்லும்.

இதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். மருந்து ஊற்றிய நாலாம் நாள் புள்ளி மறைந்தால் குணமாகிவிட்டது என்று நினைக்கிறோம். மருந்தே ஊற்றாவிட்டாலும் அது மறைந்திருக்கும், உண்ணி வயிறு நிறைந்து உதிர்ந்திருப்பதால். பாதியில் நிறுத்திவிட்டு, பத்து நாள் கழித்து முன்பைவிட இரு மடங்கு புள்ளியோடு கடைக்கு ஓடி வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அளவு இறங்காமல் 30 நாள் வைத்திருப்பதே வழக்கம்.

இறாலுக்கும் நண்டுக்கும் செம்பு ஏன் எமனாகிறது? வேடிக்கை என்னவென்றால், அவற்றின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான். நமக்கு இரும்பு எப்படியோ அப்படி. பெலாங்காஸ் என்னும் குதிரைலாட நண்டின் இரத்தம் நீலமாக இருப்பதும் அதனால்தான். ஆனால் உடல் தனக்குள் கட்டி வைத்திருக்கும் செம்பு வேறு, நீரில் தனித்துத் திரியும் செம்பு வேறு. கப்பலின் அடிப்பாகத்தில் கொட்டலசு ஒட்டாமலிருக்கச் செம்புப் பெயின்ட் அடிக்கிறார்கள். பூஞ்சைக்கு எதிராகச் சுண்ணாம்போடு கலந்து பயிருக்கு அடிக்கும் மயில்துத்தமும் செம்புதான். அதே மயில்துத்தம் குளத்து நத்தையையும் கொல்லும். சிப்புட் என்றால் மலாயில் நத்தை. ஊர்ப் பெயரிலேயே நத்தையை வைத்துக்கொண்டிருக்கும் நாம் இதையாவது தெரிந்து வைத்திருக்கலாம்.

"வீட்டில் செம்புக் குடத்துத் தண்ணீர்தானே குடிக்கிறோம், உடம்புக்கு நல்லதுதானே?" என்று ஓர் அம்மா கேட்டார். குடிக்கும் நமக்கு ஈரல் இருக்கிறது, வேண்டாததை அது கழித்துவிடும். பவளம் இருபத்துநாலு மணி நேரமும் அந்தத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது அம்மா.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செம்பு மருந்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் செம்பு அயனியாகவே இருக்கும். அதற்கு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் போதும். இன்னொன்றில் செம்பை வேறொரு பொருளோடு பிணைத்து மெல்ல வேலை செய்யும்படி வைத்திருப்பார்கள், அதற்கு 1.5 முதல் 2 மில்லிகிராம், சில தயாரிப்புகளுக்கு இன்னும் சற்று அதிகம். இரண்டுக்கும் இடையே பத்து மடங்கு வித்தியாசம்! பிணைத்த வகைக்கான அளவை அயனி வகையில் ஊற்றினால் மீனே மிஞ்சாது. நண்பர் சொன்ன அளவு, யூடியூபில் பார்த்த அளவு எல்லாம் வேண்டாம். கையில் இருக்கும் குப்பி எந்த வகை என்று பாருங்கள். நீரில் செம்பின் அளவைப் பார்க்கும் டெஸ்ட் கிட்டும் அந்த வகைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

அடுத்தது தொட்டியின் கொள்ளளவு. மூன்றடித் தொட்டி, 90க்கு 45க்கு 45 செண்டிமீட்டர், பெருக்கினால் 182 லிட்டர். ஆனால் விளிம்புவரை யாரும் நீர் நிரப்புவதில்லை; கல்லும் மணலும் வேறு இடம் பிடிக்கின்றன. உண்மையில் 140 லிட்டர் தேறினாலே பெரிது. 182 என்று நினைத்து ஊற்றினால் 0.20 ஆக இருக்க வேண்டியது 0.26 ஆகிவிடும். மீனின் செவுள் தாங்கும் அளவுக்கும் உண்ணி சாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி அவ்வளவு அகலமில்லை. ஒரே வேளையில் ஊற்றாமல் இரண்டு மூன்று நாளில் ஏற்றுவது அதனால்தான். மாண்டரின், பேத்தை, விலாங்கு போன்றவை கூடுதலாகத் துன்பப்படும். சிறு சுறா, திருக்கை வைத்திருப்பவர்கள் செம்பை நினைக்கவே வேண்டாம்.

இன்னொன்று: செம்பு இருக்கும் நீரில், அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் வகை ஆன்டி-குளோரினை ஊற்றாதீர்கள். அது செம்பின் வடிவத்தை மாற்றி நஞ்சைக் கூட்டிவிடும். குழாய்த் தண்ணீருக்கு அதை ஊற்றிப் பழகிய கை யோசிக்காமல் அதையே எடுக்கும்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது லைவ் ராக்கை, அதாவது தொட்டியில் வைக்கும், நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்கல்லை. அதுவும் பவளமணலும் சுண்ணாம்பு, செம்பை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் ஊற்றியது மாலையில் கிட்டில் தெரியாது. போதவில்லை என்று மறுபடி ஊற்றுவோம். கல் அதையும் குடிக்கும். பிறகு ஒரு நாள், நாமெல்லாம் மறந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கக்கும். நம் கடையிலேயே இது நடந்தது. ஒருவர் விட்டுப்போன பழைய தொட்டியைக் கல்லோடு வாங்கி, கழுவி, நீர் நிரப்பி, இறால் விட்டோம். எட்டு இறால், ஒரு வாரத்தில் எட்டும் போயின. உப்பு, அம்மோனியா எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் பழைய உரிமையாளரைக் கூப்பிட்டுக் கேட்டால், "ஆமாம், போன வருடம் ஒருமுறை செம்பு ஊற்றினேனே" என்கிறார். செம்பை இழுக்கும் ரெசினும் கரியும் போட்டு, நீர் மாற்றி மாற்றிப் பார்த்தோம். இறுதியில் கல்லைத் தூக்கிக் கடைக்குப் பின்னால் செம்பருத்திச் செடியடியில் போட்டோம், இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

ஆகவே செம்பு வேண்டுமென்றால் தனித் தொட்டியில். இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், மீன் ஒளிய இரண்டு பிவிசி குழாய்த் துண்டு. மணல் வேண்டாம், கல் வேண்டாம், கரியும் வேண்டாம். ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் செம்பு தளர்த்தும் என்பதால் அம்மோனியாவைத் தினமும் பாருங்கள். மீன்கள் எல்லாவற்றையும் இங்கே மாற்றிவிட்டு, பெரிய தொட்டியை மீனே இல்லாமல் 76 நாள் விடுங்கள். இறால், நண்டு, பவளம் அங்கேயே இருக்கலாம். உட்கார இடம் கிடைக்காத உண்ணி தானே செத்துப்போகும். 76 நாள் நீளம்தான், தெரியும். புதிய மீனை முதலிலேயே தனியே வைத்துப் பார்த்திருந்தால் இந்த வேலையே இல்லை. அதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

இனி நம் கடையில் ஏற்பாடு இப்படி. செம்புக் குப்பி கேட்டால், தொட்டியில் மீனைத் தவிர என்ன இருக்கிறது, தனித் தொட்டி உண்டா என்று கேட்போம். இல்லையென்றால் இரண்டடித் தொட்டி ஒன்றை ஃபில்டரோடு இரவல் தருகிறோம். 50 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம், திருப்பிக் கொண்டுவந்தால் முழுவதும் திரும்பக் கிடைக்கும். இப்போதைக்கு மூன்று தொட்டிகள்தான் இருக்கின்றன, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய தொட்டி, பழைய கல் வாங்கியவர்கள் ஒரு சிறிய பாட்டிலில் நீர் கொண்டு வாருங்கள், காசு வாங்காமல் செம்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம். ஏற்கெனவே குப்பி வாங்கி இன்னும் திறக்காதவர்கள், வேண்டாமென்றால் ரசீது இல்லாமலே திருப்பித் தரலாம்.

அந்தத் தோட்டத்து வாடிக்கையாளரின் இரண்டு கோமாளி மீன்களும் இப்போது நம் கடையில், கல்லாவுக்கு இடப்பக்கம் உள்ள தனித் தொட்டியில் இருக்கின்றன. இன்றோடு 19ஆம் நாள், நன்றாகத் தின்கின்றன. அவருக்குக் கொடுக்க வேண்டிய இறால்களை எடுத்து வைத்திருக்கிறோம். எதில் விடுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. அவருடைய கல்லை மாற்ற வேண்டியிருக்கும், செலவில் பாதி நம்முடையது.

இப்படிக்கு,
கடைக்காரர்

பி.கு.: புதன்கிழமை கடை விடுமுறை. அவசரமென்றால் மீனின் படத்தைப் புலனத்தில் அனுப்புங்கள், விளக்கை அணைக்காமல் எடுத்த படமாக இருக்கட்டும்.