முன்பக்கம் ஓட்ஸ், பின்பக்கம் மைதா: உங்கள் பிஸ்கட் பற்றிய புகார்

வணக்கம்.

மூன்று வருடமாக உங்கள் ஓட்ஸ் பிஸ்கட்டைத்தான் வாங்குகிறோம். அப்பாவுக்கு சர்க்கரை நோய் என்றதும் க்ரீம் பிஸ்கட்டை நிறுத்திவிட்டு இதற்கு மாறினோம், முன்பக்கம் பெரிதாக இருக்கும் ஓட்ஸ் கதிர்ப் படத்தையும் 'நார்ச்சத்து நிறைந்தது' என்ற வரியையும் நம்பி. போன வாரம் பார்த்தால் அவருடைய மூன்று மாத சராசரி சர்க்கரை ஏறியிருக்கிறது. என்னென்ன சாப்பிடுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்த டாக்டர், பிஸ்கட் என்றதும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்திருக்கிறீர்களா என்றார். இல்லை, ஒரு நாளும் படித்ததில்லை.

அன்றைக்கே படித்தேன். ஒட்டியிருக்கும் மடிப்புக்கு அடியில் போட்டிருக்கிறீர்கள், அதைப் பிரித்து போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால்தான் எழுத்தே தெரிகிறது. முதலில் மைதா, 52 சதவீதம். அடுத்து பாமாயில், அப்புறம் சர்க்கரை. ஓட்ஸ் வெறும் 5 சதவீதம்! எடை அதிகமுள்ள பொருள்தான் பட்டியலில் முதலில் வரும், அப்படிப் பார்த்தால் இது மைதா பிஸ்கட். இன்னும் கீழே இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ் என்று இரண்டு பெயர்கள். அவையும் சர்க்கரைதானே? மூன்றையும் தனித்தனியாக எழுதினால் சர்க்கரை மொத்தம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

நார்ச்சத்து 100 கிராமுக்கு 3.4 கிராம். கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதிகளின்படி திட உணவில் 100 கிராமுக்கு 3 கிராம் இருந்தால் நார்ச்சத்து உள்ளது என்று போடலாம், நிறைந்தது என்று போட 6 கிராம் வேண்டும். உங்களுடையது அதில் பாதியைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது.

எனக்கு அதிகம் கோபம் வந்தது பரிமாறும் அளவைப் பார்த்துத்தான். ஒரு பிஸ்கட், 9 கிராம், சர்க்கரை 2 கிராம் என்கிறீர்கள். யார் ஒரே ஒரு பிஸ்கட்டோடு நிறுத்துகிறார்கள்? அப்பா காலையில் நான்கு, மாலையில் நான்கு சாப்பிடுவார். எட்டையும் தராசில் வைத்தேன், 72 கிராம். சர்க்கரை 16 கிராம், அதாவது நான்கு டீஸ்பூன். அதை ஒரு தட்டில் அளந்து போட்டு அவர் முன்னால் வைத்தேன். டீயில் சர்க்கரையை விட்டு ஏழு வருடமாகிறது அவருக்கு, ஒன்றும் பேசாமல் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் (நாளுக்கு ஏறக்குறைய 25 கிராம்) இருந்தால் இன்னும் நல்லது என்று 2015-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. இது போக மைதாவும் உடம்புக்குள் போனால் குளுக்கோஸ்தான், எட்டு பிஸ்கட்டில் சர்க்கரையும் சேர்த்து மொத்த மாவுச்சத்து 49 கிராம் வருகிறது.

அவருக்கு சர்க்கரை ஏறியதற்கு உங்கள் பிஸ்கட் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சர்க்கரை நோயாளிக்கு ஏற்றது என்று நம்பி வாங்க வைத்தது உங்கள் முன்பக்கம்தான்.

மைதா எவ்வளவு, ஓட்ஸ் எவ்வளவு என்பதை முன்பக்கத்திலேயே போடுங்கள். 'நிறைந்தது' என்ற சொல்லை எடுங்கள். சத்து அட்டவணையை மடிப்புக்கு வெளியே, கண்ணாடி போட்ட வயதானவர் படிக்கிற அளவு எழுத்தில் அச்சிடுங்கள். வாடிக்கையாளர் சேவைக்கு போன் செய்தபோது 'எல்லாம் விதிப்படிதான் சார்' என்று முடித்துவிட்டார்கள், அந்தப் பதில் போதாது. இந்த மூன்றையும் எப்போது செய்வீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள். பிரித்த பாக்கெட்டையும் படங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்