செங்கல் பிடித்த கை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டீக்கடையில் உங்கள் பேப்பரை எடுத்தால் நான் முதலில் பார்ப்பது விளையாட்டுப் பக்கம்தான். ஒரு குறை. யார் ஜெயித்தாலும் ‘பிறவித் திறமை’ என்று இரண்டு வரி, ஏலத்தில் இத்தனை கோடி என்று நாலு வரி, அதோடு முடித்துவிடுகிறீர்கள்.

நான் கொத்தனார். காலேஜில் படிக்கும் என் அக்கா மகனுக்கு அமெரிக்கக் கால்பந்துப் பைத்தியம் (நம்ம கால்பந்து இல்லை, முட்டை மாதிரி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதுவார்களே, அது). அவன்தான் அந்த ஆட்டத்தில் பந்து பிடிக்கும் ஜெர்ரி ரைஸ் பற்றிச் சொன்னான். மிசிசிப்பி மாநிலத்தில் கிராஃபர்ட் என்ற சின்ன ஊர்க்காரர், அப்பா கொத்தனார், அண்ணன் தம்பிகள் தூக்கிப் போடும் செங்கல்லைப் பிடித்துப் பிடித்துத்தான் கை பழகியதாம். அதுவரை அரைக்காதில் கேட்டவன் கரணையைக் கீழே வைத்தேன்.

சாரத்தில் நின்று கல் பிடித்தவனுக்குத்தான் அது தெரியும். மேலே ஏறிவரும் கல் வேகம் செத்து ஒரு கணம் நிற்கும், அந்த இடத்தில் கை இருக்கணும். முந்தினால் விரல் தோல் போகும், பிந்தினால் கீழே நிற்பவன் தலை. புதுப் பையன்கள் கல் கைக்கு வருமுன்பே அடுக்குகிற இடத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள், அங்கேதான் தவறும்.

அவரும் தவறவிட்டவர்தான். 1985-இல் சான் பிரான்சிஸ்கோ அணியில் சேர்ந்த முதல் வருடம் பந்தை நழுவவிட்டு, சொந்த அணி ரசிகர்களிடமே கூச்சல் வாங்கியிருக்கிறார். ஓட்டத்திலும் பெரிய வேகம் இல்லை என்றார்களாம். ஆனால் சீசன் இல்லாத மாதங்களில் 4 கிலோமீட்டர் மலைப்பாதை ஒன்றில் ஏறி ஓடுவார், கூட வந்தவர்கள் வழியில் வாந்தி எடுப்பார்களாம். (அக்கா மகனும் கூட்டாளிகளும் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஓடுகிறோம் என்று கிளம்பி, மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் திரும்பி வந்து இட்லி சாப்பிட்டார்கள்.) 1989 சூப்பர் பவுலில் (அந்த ஆட்டத்தின் பெரிய இறுதிப் போட்டி) 11 பந்து பிடித்து 215 யார்டு முன்னேற்றம், ஆட்ட நாயகன் அவர்தான். 20 சீசன், 1,549 கேட்ச், 22,895 யார்டு. கிட்டத்தட்ட 21 கிலோமீட்டர், அதுவும் எதிரணி ஆள் மேலே விழும்போது! இன்னும் யாரும் அதைத் தாண்டவில்லை.

சரி, பிள்ளைகளைச் செங்கல் சுமக்க அனுப்பச் சொல்லவில்லை. நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் போட்டுப் பழகியவர். அந்த யார்க்கர் எத்தனை நாள், எந்த மண்ணில், எப்படி வந்தது என்று அரைப் பக்கம் எழுதுங்கள். ஏலத் தொகை எங்களுக்கு எதற்கு?

அக்கா மகன் இப்போது ஞாயிற்றுக்கிழமை சாரம் ஏறுகிறான். போன வாரம் மூன்று கல் விட்டான்.

- ஒரு கொத்தனார், அம்மாபேட்டை, சேலம்