நாய் நக்கினால் புண் ஆறாது

ஆசிரியர் அவர்களுக்கு,

“நாயின் எச்சிலில் மருந்து இருக்கிறது, புண்ணை நக்க விட்டால் கெதியில் ஆறிவிடும்” என்ற பழைய பேச்சு இப்போது வாட்ஸ்அப்பில் புதிதாகச் சுற்றுகிறது. முன்பு பெரியவர்கள் வாய்வழியாகச் சொன்னதற்கு இன்று “விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது” என்று முத்திரையும் குத்தியிருக்கிறார்கள். புண்ணுக்கு மருந்து கட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்ற முறையில் இதைப் பற்றி விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது.

அந்தப் பேச்சு முழுப் பொய் அல்ல. 1990இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நாயின் எச்சிலை எடுத்துச் சோதித்தார்கள். அது ஈ.கோலை கிருமியையும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கேனிஸ் என்ற கிருமியையும் கொன்றது. இரண்டும் பிறந்த நாய்க்குட்டிகளின் உயிரை எடுப்பவை. தாய் நாய் தன் முலைக்காம்பையும் குட்டியையும் ஏன் ஓயாமல் நக்குகிறது என்பதற்கு அது நல்ல விடை. ஆனால் மனிதரின் புண்ணில் சீழ் பிடிக்க வைப்பதில் முன்னிற்கும் ஸ்டெஃபிலோகொக்கஸ் என்ற கிருமி மீது அதே எச்சில் மிகக் கொஞ்சமே வேலை செய்தது. சுற்றிவரும் செய்திகளில் இந்தப் பாதி மட்டும் காணாமற்போய்விடுகிறது.

அடுத்து, “எச்சிலில் நரம்பு வளர்ச்சிக் காரணி இருக்கிறது, அது காயத்தை மூட வைக்கும்” என்கிறார்கள். அந்த ஆய்வுகள் எலியின் எச்சிலில் செய்யப்பட்டவை. “ஹிஸ்டாட்டின் என்ற புரதம் தோலை வளர்க்கிறது” என்பதும் உண்மைதான். 2008இல் நெதர்லாந்தில் அதைக் கண்டது மனித எச்சிலில். எலியிலும் மனிதரிலும் கண்டதை நாயின் வாயில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அதை மனிதப் புண்ணுக்கு மருந்தென்று விற்கிறார்கள்.

நக்கிய புண் ஆறியதைக் கண்ணால் கண்டோம் என்பவர்களும் பொய் சொல்லவில்லை. சிறு சிராய்ப்பு தானாகவே ஆறும். நாக்கு மேலிருந்த மண்ணைத் துடைத்துவிடும், ஈரமும் சேரும். மூடி ஈரமாக வைத்த காயம், காய்ந்து பொருக்குத் தட்டிய காயத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் தோல் மூடுகிறது என்பதை ஜோர்ஜ் விண்டர் 1962இலேயே பன்றிகளில் காட்டினார். அந்த ஈரத்துக்கு நாய் தேவையில்லை. உப்புத்தண்ணீரும் சுத்தமான துணிக்கட்டும் போதும்.

ஆறிவரும் புண்ணைக் கிட்டப் பார்த்தால், அடியில் மாதுளை முத்துப்போல் சிவந்த, மணிமணியான புதுத்தசை தெரியும். ஓரத்திலிருந்து நூலளவு வெள்ளையாகப் புதுத்தோல் உள்நோக்கி வரும். இரண்டும் கைபட்டால் கிழியும். நாயின் சொரசொரப்பான நாக்கு நாலு தடவை இழுத்தால் அந்த விளிம்பு போய்விடும், இரத்தம் கசியும். ஒரு வாரத்து வேலை அரை நிமிடத்தில் வீண். மிருக வைத்தியர்கள் சத்திரசிகிச்சை செய்த நாய்க்கே தையல் காயும்வரை கழுத்தில் புனல் மாதிரிப் பட்டி கட்டிவிடுவது இதனால்தான். நாயின் எச்சில் நாயின் புண்ணுக்கே உதவாதபோது நமக்கு எப்படி உதவும்?

இனி வாயில் இருப்பவை. நல்ல ஆரோக்கியமான, குளிப்பாட்டிய, வீட்டுக்குள் வளர்கிற நாயின் வாயிலும் பாஸ்டுரெல்லா என்ற கிருமி இருக்கும். புண்ணில் புகுந்தால் 24 மணித்தியாலத்துக்குள் சுற்றிவரச் சிவந்து, வீங்கி, தொட முடியாமல் நோகும். கப்னோசைட்டோபாகா என்று இன்னொன்று உண்டு. சுகதேகிகளை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் விபத்திலோ தலசீமியா என்ற இரத்த நோய்க்காகவோ மண்ணீரலை எடுத்தவர்கள், ஈரல் கெட்டவர்கள், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து குடிப்பவர்கள் ஆகியோரின் இரத்தத்தில் ஏறினால் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இறந்துபோகிறார். இப்படியானவர்கள் வீட்டில் இருந்தால், காயம் எவ்வளவு சின்னதானாலும் நாயின் வாய் அதில் படவே கூடாது.

எங்களுக்கு அதிகம் கவலை தருவது நீரிழிவுக்காரர். காலில் உணர்ச்சி செத்திருக்கும். புண்ணின் வாசத்துக்கு நாய் கிட்ட வரும். கதிரையில் கால் நீட்டி அயர்ந்தவருக்கு நக்குவதும் தெரியாது, நக்கல் கடியாக மாறுவதும் தெரியாது. செல்ல நாய் பெருவிரலைத் தின்ற சம்பவங்கள் வைத்திய ஏடுகளில் பதிவாகியுள்ளன. நாயில் பிழையில்லை. இரவில் புண்ணைக் கட்டி, மேலே காலுறை போட்டு, நாயை வேறு அறையில் விடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக விசர்நாய்க்கடி நோய். பலர் கடித்தால்தான் அது வரும் என்று நினைக்கிறார்கள். வைரசு இருப்பது எச்சிலில். காயமில்லாத தோலை நக்கினால் பயமில்லை. ஆனால் திறந்த காயத்திலோ கண், வாய் போன்ற மென்சவ்விலோ நாயின் எச்சில் பட்டால், உலக சுகாதார நிறுவனம் அதை மூன்றாம் வகையில், அதாவது இரத்தம் வரக் கடித்ததற்குச் சமமாக வைத்திருக்கிறது. நாய்க்கு நோய் வெளியே தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே எச்சிலில் வைரசு வந்துவிடும். “நாய் நல்லாத்தானே நிக்குது” என்பது உத்தரவாதமல்ல. 1973இல் இலங்கையில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். தடுப்பூசியாலும் நாய்களுக்கு ஊசி போட்டதாலும் அது இன்று ஆண்டுக்கு இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. அறிகுறி தொடங்கினால் காப்பாற்ற வழியில்லை என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

காயத்தை நாய் நக்கிவிட்டால் செய்ய வேண்டியது: உடனே குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில், சன்லைட்டோ லைஃப்போயோ கையில் அகப்பட்ட சவர்க்காரத்தால் 15 நிமிடம் கழுவுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். பெரும்பாலானோர் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். இந்த வைரசைச் சுற்றிக் கொழுப்புறை இருக்கிறது. சவர்க்காரம் அதைக் கரைத்துத்தான் வைரசைக் கொல்கிறது, அதற்கு நேரம் வேண்டும். பிறகு பொவிடோன் அயடின் என்ற கிருமிநாசினியைப் பூசலாம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள், தேசிக்காய்ச் சாறு எதுவும் வேண்டாம். அவை தசையை எரித்து, வைரசை நரம்புக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோகும்.

கழுவியதும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொழும்பில் தேசிய வைத்தியசாலை, பிள்ளைகளுக்கு சீமாட்டி றிஜ்வே. அரச ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சை இலவசம். நாயின் தடுப்பூசி அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். நாயைக் கண்காணித்துப் பொறுத்திருப்பதா, உடனே ஊசியா, காயத்துக்குள் இமியூனோகுளோபியூலினும் (வைரசை எதிர்க்கும் ஆயத்தப் புரதம்) வேண்டுமா என்பதை வைத்தியர் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். தடுப்பூசி உடம்பில் வேலை தொடங்க ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும், அந்த இடைவெளியை அடைக்கத்தான் இமியூனோகுளோபியூலின். நாயை அடித்துக் கொன்று புதைக்க வேண்டாம். கட்டி வைத்து, சாப்பாடு தண்ணீர் கொடுத்து 14 நாள் பாருங்கள். செத்துப்போனால் பொதுச் சுகாதார பரிசோதகருக்குச் சொல்லுங்கள். தலையை பொலித்தீன் பையில் கட்டி, சுற்றிவர ஐஸ் வைத்து, பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பிச் சோதிக்கலாம். போர்மலினில் போட்டால் சோதனை கெட்டுவிடும்.

பாமசியில் சொந்தமாக மாத்திரை வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. புண் என்றதும் குளொக்சசிலினோ செஃபலெக்சினோ கேட்டு வாங்குகிறார்கள். பாஸ்டுரெல்லா மீது இரண்டும் சரியாக வேலை செய்யாது. நாயின் வாயிலிருந்து வந்த கிருமிக்கு வைத்தியர்கள் வழக்கமாகத் தெரிவுசெய்வது கோ-அமொக்சிகிளாவ். அளவையும் நாளையும் அவர்களே சொல்லட்டும். ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) எப்போது போட்டீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

சாதாரணச் சிராய்ப்புக்கு: அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, முக்கால் தேக்கரண்டி பொடியுப்பை மட்டமாக எடுத்துக் கரையுங்கள். கல்லுப்பானால் அளவு பிழைக்கும். அந்தத் தண்ணீரால் காயத்தைக் கழுவி, மெல்லியதாக வஸ்லீன் பூசி, கோஸ் வைத்துக் கட்டுங்கள். தினம் ஒருமுறை மாற்றினால் போதும், மிச்சத் தண்ணீரை அன்றே ஊற்றிவிடுங்கள். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் நாளாந்தம் வேண்டாம், அவை கிருமியோடு புதுத்தசையையும் கொல்லும்.

வைரவரின் வாகனம் என்று நாயை மதிக்கிற வீடுகள் நம்மிடம் நிறைய. லூக்கா நற்செய்தியில் லாசருவின் புண்களை நாய்கள் நக்கியதாக வருவதை எடுத்துக்காட்டுவோரும் உண்டு. அந்த இடத்தில் லாசரு குணமாகவில்லை என்பதையும் அவர்கள் வாசிக்க வேண்டும். நாயில் அன்பிருந்தால் அதற்கு ஆண்டுதோறும் ஊசி போடுங்கள். தொடர்மாடிக்குள்ளேயே வளர்கிற நாய்க்கும் அது வேண்டும்.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு கோரிக்கை. நாயின் எச்சில் பற்றியோ பிராணிகளின் மருத்துவ குணம் பற்றியோ துணுக்குச் செய்தி போடும்போதெல்லாம், “காயத்தில் நாய் எச்சில் பட்டால் 15 நிமிடம் சவர்க்காரத்தால் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவும்” என்ற ஒரு வரியை அதனடியில் கட்டம் போட்டுப் பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
காயப் பராமரிப்புத் தாதியர் இருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06